அட்டையா? ஆஸ்பத்திரியா?

(பொம்மிடியில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்கு நான் பேச வேண்டிய விஷயம் வைத்தியம். ஏழைக்கு நோய் வந்தால் வைத்தியம் கிடைக்கிறதா? கிடைத்தால் அதற்குப் பணம் கொடுப்பது யார்? பணம் கொடுத்த பிறகு ஆள் பிழைத்தானா? இந்த மூன்று கேள்விகள்தான். பெரிய பெரிய மாநாடுகளில் "அனைவருக்கும் சுகாதாரம்" என்று தலைப்பிட்டு நாள் கணக்கில் பேசுகிறார்கள். நாம் பொம்மிடியில் நின்றுகொண்டு, நம் ஊர்க் கணக்கில் பேசுவோம்.

முதலில் செலவைப் பார்ப்போம். மத்திய சர்க்காரின் புள்ளி விவர இலாகா 2017-18ல் நாடு முழுவதும் ஒரு சர்வே எடுத்தது. கிராமத்து ஜனங்கள் ஆஸ்பத்திரியில் படுத்து வைத்தியம் பார்த்துக்கொண்டால், பிரசவம் நீங்கலாக, ஒரு தடவைக்கு என்ன செலவாகிறது என்று கேட்டார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் சராசரி 4,290 ரூபாய். தனியார் ஆஸ்பத்திரியில் 27,347 ரூபாய்.

அதே வருஷம் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 205 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு நாளும் வேலை கிடைத்து, கூலியும் முழுசாகக் கைக்கு வந்து, அதில் ஒரு பைசாவுக்குக்கூட அரிசி வாங்காமல் சேர்த்து வைத்தாலும் 20,500 ரூபாய்தான். ஒரு தடவை தனியார் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்திருக்க அது போதாது! மிச்சம் ஏழாயிரத்துக்கு எங்கே போவது? ஆட்டை விற்க வேண்டும். தோட்டை அடகு வைக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் வாரவட்டிக்காரன் வாசலில் போய் நிற்க வேண்டும். நோய் பத்து நாளில் போய்விடும், வட்டி போகாது.

சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் 4,290 ரூபாய் ஆகிறதே, இலவசம் என்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். இது இந்தியா முழுவதற்கும் போட்ட சராசரி. பல ராஜ்யங்களில் சர்க்கார் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுப்பார். மருந்தை வெளிக்கடையில் வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் மருந்து உள்ளேயே கிடைப்பதால் செலவு இதைவிடக் குறைவு. அது எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்லுகிறேன். ஆனால் எந்தச் சர்வேயிலும் சரியாக அடங்காத செலவு ஒன்று உண்டு. பஸ் சார்ஜ். கூடப் போகிறவரின் கூலி. அங்கே இரண்டு பேருக்குச் சோறு. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்ய வேண்டிய ஒரு நோயாளியை நினைத்துப் பாருங்கள். ரத்தச் சுத்திகரிப்புக்குச் சர்க்காரில் காசு கேட்பதில்லை, உண்மை. ஆனால் கூடப் போகும் மனைவி வாரத்தில் மூன்று நாள் வேலையை இழக்கிறாள். அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும்?

கிடைக்கிறதா என்ற கேள்விக்கு வருவோம். நம் பாப்பிரெட்டிப்பட்டி தாலுகாவைப் பாருங்கள். பாப்பிரெட்டிப்பட்டியிலும் அரூரிலும் சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கிறது. தர்மபுரியில் 2008ல் மருத்துவக் கல்லூரி வந்தது. ஜில்லாவின் பெரிய ஆஸ்பத்திரி அதோடு சேர்ந்து வளர்ந்தது. அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் சேலம். பொம்மிடிக்காரர்களுக்கு ரயில் இருக்கிறது, அது ஒரு பாக்கியம். (சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மோகன் குமாரமங்கலம் பெயர் வைத்திருக்கிறார்கள். கம்யூனிஸ்டாக இருந்து பின்னால் காங்கிரஸ் மந்திரியானவர். இளைஞர்களில் பலருக்கு இப்போது அந்தப் பெயர் வெறும் ஆஸ்பத்திரியின் பெயராகத்தான் தெரியும்.)

ஆனால் ரயில் எல்லாருக்கும் இல்லை. நம் ஜில்லாவின் மலைக்கிராமங்களில் சாலை போய்ச் சேராத இடங்களிலிருந்து நோயாளியைத் தூளி கட்டித் தோளில் தூக்கி வந்த செய்தி அண்மை வருஷங்களில்கூடப் பத்திரிகைகளில் வந்திருக்கிறது. 108 ஆம்புலன்ஸ் 2008லேயே தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. நல்ல ஏற்பாடு, எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் ஆம்புலன்ஸ் சாலையில்தானே வரும்? மலையடிவாரம் வரை வண்டி, அதற்குமேல் மனிதத் தோள். பாம்பு கடித்தவனுக்கும் பிரசவ வலி கண்டவளுக்கும் அந்த இரண்டு மணி நேரம்தான் வாழ்வும் சாவும். சாலை போடுவதும் வைத்தியம்தான், தோழர்களே!

இங்கே ஒரு வெளிநாட்டு டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் ஜூலியன் டூடர் ஹார்ட். பிரிட்டனில் வேல்ஸ் பிரதேசத்தில் கிளின்கோரக் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமம். அங்கே தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தார். கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளராகத் தேர்தலிலும் நின்றவர். 1971ல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். அதன் சாரம் இதுதான்: எங்கே வைத்தியம் அதிகம் தேவையோ அங்கே நல்ல வைத்தியம் குறைவாகக் கிடைக்கும், எங்கே தேவை குறைவோ அங்கே தாராளமாகக் கிடைக்கும், சந்தையின் கையில் வைத்தியம் எவ்வளவுக்கு எவ்வளவு சிக்குகிறதோ, இந்த வித்தியாசம் அவ்வளவுக்கு அவ்வளவு கூடும். இதைத் தலைகீழ் விதி என்று உலகத்து டாக்டர்களெல்லாம் இன்றும் சொல்லுகிறார்கள். சென்னையில் ஒரே தெருவில் பத்து ஸ்கேன் சென்டர். மலைமேல் ஒரு நர்சுக்கு வழியில்லை. இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

அந்த மனிதர் கட்டுரை எழுதியதோடு நிற்கவில்லை. நோயாளி வரட்டும் என்று காத்திருக்காமல், ஊரில் உள்ள பெரியவர்கள் அத்தனை பேருக்கும் ரத்த அழுத்தம் பார்த்தார். கண்டுபிடித்தவர்களை விடாமல் பின்தொடர்ந்து மருந்து கொடுத்தார். இருபத்தைந்து வருஷம்! முடிவில், வயதுக்கு முன் சாகிறவர்களின் விகிதம் பக்கத்து ஊரைக் காட்டிலும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. ஆபரேஷன் இல்லை, பெரிய யந்திரம் இல்லை. ஒரு அழுத்தமானி, ஒரு நோட்டுப் புத்தகம், சில மலிவான மாத்திரைகள், ஒரு பிடிவாதம்.

இது நமக்குத் தெரிந்த சங்கதியாக இருக்கிறதே என்று தோன்றுகிறதல்லவா? 2021 ஆகஸ்டில் பக்கத்து கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கினார்கள். சுயஉதவிக் குழுப் பெண்கள் வீடு வீடாக வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். இது ஏன் அவசியப்பட்டது? 2020ல் தமிழ்நாட்டில் ஒரு ஆய்வு நடந்தது. ரத்த அழுத்தம் உள்ளவர்களில் நூற்றுக்கு 7 பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரை நோயாளிகளில் நூற்றுக்கு 11 பேர்கூட இல்லை. மற்றவர்கள்? பாதிப் பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களும் மருந்தைப் பாதியில் விட்டுவிட்டார்கள். ஏன் விடுகிறார்கள்? மாத்திரை வாங்க ஒரு நாள் கூலி போகிறது என்பதால்! 2023-24ல் மறுபடியும் ஆய்வு செய்தபோது இரண்டும் நூற்றுக்கு 17 பேர் அளவுக்கு உயர்ந்திருந்தது. முன்னேற்றம்தான். ஆனால் 17 என்பது பரீட்சையில் தேறும் மார்க்கு அல்ல. பக்கவாதத்தில் விழுந்த பிறகு லட்சக்கணக்கில் செலவழிப்பதைவிட, வாசலில் மாத்திரை கொடுப்பது மலிவு என்று எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் தெரியும்.

இத்தனை வேலையையும் செய்யும் அந்தப் பெண்களுக்கு என்ன சம்பளம்? திட்டம் தொடங்கியபோது மாதம் 4,500 ரூபாய்! அதற்குச் சம்பளம் என்றுகூடப் பெயரில்லை, ஊக்கத்தொகை. அந்தத் திட்டத்துக்கு 2024ல் ஐ.நா. சபையின் விருது கிடைத்தது. விருது சென்னைக்குப் போயிற்று. வெயிலில் மலையேறி மாத்திரை கொடுத்தவளுக்கு என்ன போயிற்று? 2015ல் எடுத்த தொகுப்பூதிய நர்சுகளின் கதையும் இதுதான். மாதம் 7,700 ரூபாய்க்கு ராத்திரி பகலாக உழைத்துவிட்டு, நிரந்தரம் செய்யுங்கள் என்று கேட்டு அவர்கள் தெருவில் உட்கார வேண்டியிருந்தது.

பலன் என்ன என்ற மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். இங்கே நியாயமாகப் பேச வேண்டும். நல்லதை நல்லது என்று சொல்லாவிட்டால், கெட்டதைக் கெட்டது என்று சொல்லும்போது யாரும் நம்பமாட்டார்கள். 2018-20 கணக்கின்படி, லட்சம் பிரசவத்துக்கு இந்தியாவில் சராசரியாக 97 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54. கேரளத்தில் 19. ஆயிரம் குழந்தை பிறந்தால் ஒரு வயதுக்குள் சாவது 2020ல் இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13, கேரளத்தில் 6. வடக்கோடு ஒப்பிட்டுப் பெருமைப்படலாம். மேற்கே மலையைத் தாண்டிப் பார்த்தால் வெட்கப்பட வேண்டும்.

தமிழ்நாடு இந்த அளவுக்கு வந்ததற்கு யாருடைய கருணையும் காரணமல்ல, சில ஏற்பாடுகள் காரணம். இந்தியாவிலேயே முதல் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939ல் சென்னை மாகாணத்தில் வந்தது. அம்மை, காலரா, குடிநீர், சாக்கடை இவற்றைப் பார்க்கத் தனி இலாகா, தனி அதிகாரிகள். பிறகு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்சுகளைப் போட்டு இருபத்துநாலு மணி நேரமும் பிரசவம் பார்க்க வைத்தார்கள். தாய் ஒருத்தி இறந்தால், ஏன் இறந்தாள் என்று விசாரித்தே ஆக வேண்டும் என்று விதி செய்தார்கள். கிராமத்தில் வேலை செய்யும் சர்க்கார் டாக்டர்களுக்கு மேல்படிப்பில் இடம் ஒதுக்கினார்கள். அதனால் குக்கிராமத்துக்கும் டாக்டர் வந்தார். அந்த இட ஒதுக்கீட்டுக்காக டாக்டர்கள் சுப்ரீம் கோர்ட்டு வரை போராட வேண்டியிருந்தது.

மருந்துக் கதை தனிக் கதை. 1994ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றை சர்க்கார் ஏற்படுத்தியது. அதற்கு முன் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தனித்தனியே மருந்து வாங்கும். கம்பெனிக்காரன் சொன்னதுதான் விலை. கழகம் வந்தபின் மாகாணம் முழுவதற்குமான தேவையை ஒன்றாகக் கூட்டி, கம்பெனியின் அலங்காரப் பெயரை விட்டுவிட்டு மருந்தின் சொந்தப் பெயரில் டெண்டர் விட்டார்கள். வந்த சரக்கைப் பரிசோதனை சாலைக்கு அனுப்பித் தரம் பார்த்தார்கள். ஜில்லாவுக்கு ஒரு கிடங்கு வைத்து, ஆஸ்பத்திரிக்கு ஒரு பாஸ்புக்கு கொடுத்தார்கள். விலை மளமளவென்று இறங்கியது. அதே மாத்திரைக்குக் கடையில் ஒரு விலை, சர்க்கார் வாங்குவது வேறு விலை. நடுவில் உள்ளது என்ன? விளம்பரம், கமிஷன், லாபம்! பின்னால் பல ராஜ்யங்கள் வந்து பார்த்து இதே போலச் செய்தன.

நமக்கும் முன்னால் இலங்கையில் இதைச் செய்தார் ஒருவர். செனக பிபிலே என்ற பேராசிரியர். கம்யூனிஸ்ட் தலைவர் டாக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து அவர் கொடுத்த அறிக்கையின் பேரில் 1971ல் அங்கே அரசாங்க மருந்துக் கூட்டுத்தாபனம் ஏற்பட்டது. ஆயிரக்கணக்கான கம்பெனிப் பெயர்களில் வந்து குவிந்த மருந்துகளை, உண்மையில் தேவையான சில நூறாகக் குறைத்து, மொத்தமாக இறக்குமதி செய்தார்கள். அன்னியக் கம்பெனிகள் துள்ளிக் குதித்தன. 1977ல் ஆட்சி மாறியது, கொள்கையும் நீர்த்தது. அதே வருஷம் பிபிலே கயானா நாட்டில் காலமானார். ஆனாலும் இலங்கையில் சர்க்கார் ஆஸ்பத்திரி இலவசம் என்ற ஏற்பாடு நிலைத்தது. ஏழை நாடாக இருந்தும் தாய் சேய் மரணத்தில் இந்தியாவை எங்கோ பின்னால் தள்ளிவிட்டார்கள். அங்கேயும் குறை உண்டு: மலையகத் தோட்டங்களில் உழைத்த நம் ஜனங்களுக்கு இந்த வசதி நெடுங்காலம் எட்டவில்லை; 2022ல் நாட்டின் கஜானா காலியானபோது ஆஸ்பத்திரிகளில் மருந்துக்கே தட்டுப்பாடு வந்தது. இலவசம் என்று சட்டத்தில் இருந்தால் போதாது. கஜானாவில் பணமும் கிடங்கில் மருந்தும் இருக்க வேண்டும்.

இப்போது அட்டைக்கு வருவோம். தலைப்பே அதுதானே!

2009ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. அப்போது அதை நடத்தியது ஒரு தனியார் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாயிற்று; பொதுத்துறைக் கம்பெனிக்குப் போயிற்று. 2018ல் மத்திய சர்க்கார் திட்டமும் இதோடு இணைந்தது. வருஷத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆண்டு வருமானம் 72,000 என்றிருந்த வரம்பு பின்னர் 1,20,000 ஆயிற்று. இதனால் பிழைத்தவர்கள் உண்டா? நிச்சயம் உண்டு. இருதய ஆபரேஷனும் புற்றுநோய் வைத்தியமும் கூலிக்காரன் கனவில்கூட நினைக்க முடியாமல் இருந்த காலம் ஒன்று இருந்தது. அதை மறைத்துப் பேச நான் தயாரில்லை.

ஆனால் அட்டை எதற்குப் பயன்படும்? பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பயன்படும். தினமும் விழுங்கும் மாத்திரைக்கு இல்லை. காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்க்கும் கட்டணத்துக்கு இல்லை. நம் ஜனங்களின் வைத்தியச் செலவில் பெரும் பங்கு மருந்துக்குத்தான் போகிறது. அந்தச் செலவை அட்டை தொடுவதே இல்லை. அப்புறம், அட்டையை வாங்கும் தனியார் ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது? லாபம் கிடைக்கிற பட்டணத்தில். ஆக, பிரீமியம் என்ற பெயரில் சர்க்கார் கொடுக்கும் பணம் பட்டணத்துக்குப் போகிறது. நோயாளியும் அதன் பின்னால் பஸ் ஏறிப் போக வேண்டியிருக்கிறது. சர்க்கார் ஆஸ்பத்திரிகளும் இந்தத் திட்டத்தில் பணம் பெறுகின்றன, அது நல்லது. அதே ரூபாயைக் கொண்டு அரூரில் இன்னும் ஒரு சர்ஜனையும், பாப்பிரெட்டிப்பட்டியில் இன்னும் ஒரு மயக்க டாக்டரையும் போட்டால் எத்தனை பேர் சேலத்துக்குப் போகாமல் தப்புவார்கள் என்பதே என் கேள்வி.

லாபம் வைத்தியத்துக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தாய்மார்களுக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் ஒன்று சொல்லுகிறேன். 2019-21 குடும்ப நல சர்வேப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கு மேல் பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. சந்தோஷம். ஆனால் சர்க்கார் ஆஸ்பத்திரிப் பிரசவங்களில் நூற்றுக்கு 36 சிசேரியன். தனியாரில் நூற்றுக்கு 64! உலக சுகாதார ஸ்தாபனம் 1985லேயே சொன்ன அளவு நூற்றுக்கு 10 முதல் 15. தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண்ணின் வயிறு வேறு தினுசா? கத்தி வைத்தால் பில் ஏறுகிறது, அவ்வளவுதான். சர்க்கார் ஆஸ்பத்திரியின் 36ம் அதிகம்தான். அதற்கும் விளக்கம் கேட்க வேண்டும்.

"சர்க்காரிடம் பணம் எங்கே?" என்பார்கள். 1943ல் வெள்ளைக்கார சர்க்கார் போர் கமிட்டி என்று ஒன்றை நியமித்தது, நம் ஏ. லட்சுமணசாமி முதலியாரும் அதில் ஒருவர். 1946ல் அறிக்கை கொடுத்தார்கள். பணம் கொடுக்க இயலாத காரணத்தால் எவருக்கும் வைத்தியம் மறுக்கப்படக் கூடாது என்பது அதன் முதல் கொள்கை. பத்தாயிரம் முதல் இருபதாயிரம் ஜனங்களுக்கு 75 படுக்கை கொண்ட சுகாதார நிலையம் என்பது அவர்கள் போட்ட நீண்டகாலத் திட்டம். எண்பது வருஷமாகப் போகிறது. எந்த நிலையத்தில் 75 படுக்கை இருக்கிறது, காட்டுங்கள்! 2017 தேசிய சுகாதாரக் கொள்கை, 2025க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவிகிதத்தைச் சர்க்கார் சுகாதாரத்துக்குச் செலவிடும் என்றது. 2021-22ல், கொரோனா கொள்ளை நோய்க்கு நடுவிலேயே, மத்திய மாகாண சர்க்கார்கள் சேர்ந்து செலவிட்டது 1.84 சதவிகிதம். நாட்டின் மொத்த வைத்தியச் செலவில் ஜனங்கள் சொந்தப் பையிலிருந்து கொடுப்பது 2013-14ல் நூற்றுக்கு 64ஆக இருந்து, 2021-22ல் 39 ஆகியிருக்கிறது. குறைந்திருக்கிறது, சரி. இன்னும் ஐந்தில் இரண்டு பங்கு நம் மடியிலிருந்துதான் போகிறது.

ஆஸ்பத்திரி மட்டும் இருந்தாலும் போதாது என்பதற்கு நம் ஜில்லாவே சாட்சி. பூமிக்கடியில் புளோரைடு கலந்த தண்ணீர். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆபத்து. குழந்தைக்குப் பல் கறுக்கும். பெரியவனுக்கு முதுகெலும்பு வளைந்து இறுகும். வளைந்த எலும்பை நிமிர்த்த எந்த டாக்டராலும் ஆகாது. இதற்கு மருந்து ஒகேனக்கல் காவிரித் தண்ணீர்தான். எத்தனை வருஷம் கோரி, ஜப்பான் கடனுதவியோடு 2013ல் அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது! குழாயில் அந்தத் தண்ணீர் வராத நாளில் மறுபடியும் போர்க்குழாய்த் தண்ணீர்தான், மறுபடியும் புளோரைடுதான்.

2014 நவம்பரை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். தர்மபுரி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகள் இறந்தன. எடை குறைந்து பிறந்தவை, வெளியிலிருந்து கடைசி நேரத்தில் கொண்டுவரப்பட்டவை என்று அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள். அந்த விளக்கம் உண்மையென்றே வைத்துக்கொள்வோம். குழந்தை ஏன் எடை குறைந்து பிறந்தது? தாய்க்குப் பதினாறு பதினேழு வயதில் கலியாணம்; வயிற்றில் பிள்ளையோடு செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டிலும் வேலை; ரத்தத்தில் சத்தில்லை. ஏன் கடைசி நேரத்தில் வந்தது? பக்கத்திலே பச்சிளங் குழந்தையைப் பார்க்கும் வசதி இல்லை. விளக்கம் என்று சொன்னார்களே, அதுதான் குற்றப்பத்திரிகை!

ஒரு தோழர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். "பிரிட்டனில் எல்லாம் இலவசம் என்கிறீர்கள், அங்கே ஆபரேஷனுக்கு வருஷக் கணக்கில் காத்திருக்கிறார்களாமே?" என்று கேட்கிறார். நல்ல கேள்வி. 1948 ஜூலை 5ந் தேதி அங்கே தேசிய சுகாதார சேவை தொடங்கியது. கொண்டுவந்த மந்திரி அனூரின் பெவன், சுரங்கத் தொழிலாளியின் மகன். அவர் ஊரான டிரெடிகரில் தொழிலாளர்கள் கூலியில் சில காசு போட்டுச் சொந்தமாக வைத்தியச் சங்கம் நடத்தினார்கள். அதை நாடு முழுவதற்கும் விரித்தார். மூன்றே வருஷத்தில், 1951ல், பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் போட்டார்கள். ஆயுதச் செலவு கூடியது காரணம். பெவன் மந்திரி பதவியை ராஜிநாமா செய்தார். அண்மை வருஷங்களில் அங்கே காத்திருப்போர் பட்டியல் எழுபது லட்சத்தைத் தாண்டியது உண்மை. பணத்தையும் ஆட்களையும் சுருக்கினால் வரிசை நீளத்தான் செய்யும். ஆனால் அந்த வரிசையில் நிற்கிறவன் வீட்டை விற்க வேண்டியதில்லை. நம்மிடம் வரிசை குறைவாகத் தெரிவதற்குக் காரணம், பணமில்லாதவன் வரிசைக்கே வருவதில்லை.

இன்னொரு சீட்டு: "அட்டை இல்லாதவர் என்ன செய்வது?" ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று இவற்றோடு தர்மபுரி கலெக்டர் ஆபீசிலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். குறைகளைச் சொல்ல வேண்டுமானால் நான் விமர்சித்துக் கொள்கிறேன். நீங்கள் அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திட்டத்தில் சேர்ந்த வைத்தியத்துக்குத் தனியார் ஆஸ்பத்திரி கையில் பணம் கேட்டால், எதற்கு என்று எழுதி வாங்குங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, டாக்டர் இல்லை என்றால் 104க்குப் போன் செய்து சொல்லுங்கள். தேதியையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். தேதி போட்ட புகார் பத்து சேர்ந்தால் அதை எடுத்துக்கொண்டு கலெக்டரிடம் போகலாம். வருமானச் சான்றுக்கு மனு எழுதத் தெரியாதவர்கள் மேடைக்கு இடதுபுறம் நிற்கும் வாலிபத் தோழர்களிடம் இப்போதே பெயர் கொடுங்கள். நாளைக் காலை அவர்கள் எழுதிக் கொடுப்பார்கள்.